“சாவுக்குப் போக விடுவார்களா?” – செங்கல் சூளை விசாரணைகளில் கண்டவை

உறுப்பினர், சென்னை:

தந்தையின் ரயில்வே வேலையால் ஒடிசாவில் உள்ள குர்தா ரோட்டில் வளர்ந்தவன் நான். ஒடியா எனக்குத் தெருவிளையாட்டோடு வந்த மொழி. சில ஆண்டுகளுக்கு முன், சென்னைக்கு வடக்கே ஒரு செங்கல் சூளைக்கு வருவாய்த் துறையினர் கொத்தடிமை விசாரணைக்குச் சென்றபோது, மொழி தெரிந்தவர் வேண்டும் என்று நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். அங்கே வேலை செய்தவர்கள் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டத்துக்காரர்கள். எனக்குத் தெரிந்தது கடலோர ஒடியா, அவர்கள் பேசியது மேற்குப் பக்கத்துச் சம்பல்பூரி. பாதிச் சொற்களை இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

புது நெல்லுக்கான நுவாகாய் பண்டிகை முடிந்த கையோடு சர்தார் எனப்படும் தரகர் ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஐப்பசி, கார்த்திகையில் புறப்பட்டு வருபவர்கள் கோடை முடியும் வரை இங்கே கல் அறுப்பார்கள். கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தால் ஒரு ‘பதுரியா’. கணக்கு ஆளுக்கு அன்று, அந்தக் குழுவுக்குத்தான். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தாலும், வாரத்துக்கு அரிசி, பருப்பு வாங்கக் கொடுக்கும் சில்லறை போக மீதி முழுவதும் முன்பணத்தில் கழிவதாகச் சொல்வார்கள். எவ்வளவு கழிந்தது என்பது மேஸ்திரியின் நோட்டுக்கு மட்டுமே தெரியும்.

விசாரித்த அதிகாரி கெட்டவர் அல்லர். ஆனால் சூளைக்காரரின் ஆள் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருக்க, “உங்களை அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா?” என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். அது பொய்யும் இல்லை. அங்கே வேலியும் கிடையாது, பூட்டும் கிடையாது. கோப்பு மூடப்படும் நிலைக்கு வந்தபோது, உடன் வந்திருந்த வழக்கறிஞர் அந்த ஆளை அப்பால் அனுப்பச் செய்து, ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொன்னார்: “ஊரில் ஒரு சாவு விழுந்தால் குடும்பத்தோடு போய்வர விடுவார்களா?”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், கையில் காய்ந்திருந்த களிமண்ணை நகத்தால் உரித்துக்கொண்டே, தன் மாமியார் தை மாதத்தில் இறந்ததாகவும், கணவரை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தன்னையும் மகனையும் இங்கேயே நிறுத்திக்கொண்டதாகவும் சொன்னார். அதை அவர் புகாராகக்கூடச் சொல்லவில்லை. பாக்கி இருக்கிறதே, விடுவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் கேட்பதும் இதைத்தான். வாங்கிய கடனுக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ, விரும்பிய இடத்துக்குச் செல்லும் உரிமையையோ இழந்திருந்தால் போதும், காலில் சங்கிலி இருக்க வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பையும் 15ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் தலையில்தான் வைக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று, டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அன்று என்னிடமும் ஒரு பிழை நேர்ந்தது. “முன்பணம் வாங்கியவர்கள் பெயரைச் சொல்லுங்கள்” என்றார்கள். நானும் அப்படியே மொழிபெயர்த்தேன். ஆண்களின் பெயர்கள் மட்டும் வந்தன. மாலையில் பட்டியலைப் படித்துக் காட்டியபோதுதான், மாமியார் சாவைச் சொன்ன அந்தப் பெண்ணின் பெயரே அதில் இல்லை என்று கண்டேன். திருத்தி எழுத இரவு ஒன்பது மணி ஆயிற்று.

உறுப்பினர், செங்கல்பட்டு:

உங்களுக்கு ஒரு மாலையில் திருந்தியது எங்களுக்கு ஐந்து மாதம் இழுத்தது. உள்ளூர்ச் சூளை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களுக்குக் கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழ் கணவர்கள் பெயரில் மட்டும் வந்திருந்தது. அட்வான்ஸை வாங்கியது யார் என்று பார்த்தார்களே தவிர, அதை உழைத்து அடைத்துக்கொண்டிருந்தது யார் என்று பார்க்கவில்லை. 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம் ரூபாய். அந்தத் தொகை வழக்கு முடியும் வரை காத்துக்கிடக்கும் என்பது வேறு கதை. ஆனால் சான்றிதழில் பெயர் இல்லாதவருக்கு உடனடி உதவித்தொகைகூடக் கிடையாது.

மனு மேல் மனு கொடுத்துப் பெண்களுக்கும் சான்றிதழ் வாங்கி, கணக்குத் தொடங்க வங்கிக்கு அழைத்துப் போனோம். ரேகைக் கருவியில் ஒரு பெண்ணின் விரல் எதுவும் பதியவில்லை. பல ஆண்டு மண்ணும் மணலும் தேய்த்து, விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம், ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தோம். ஊழியர் பொறுமையாக ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார். ஒன்பதாவது விரலில், இடது கைச் சுண்டுவிரலுக்கு முந்தியதில், பச்சை விளக்கு எரிந்தது. அந்த விரலை எங்களிடம் காட்டி, “இதைப் பத்திரமா வச்சிக்கிறேன்” என்று சிரித்தார்.