சிப்பி பதித்த பெட்டி: கழன்ற துண்டுகளை வீட்டிலேயே ஒட்டலாமா?

கேள்வி: மரப்பெட்டிக்காரர்

வணக்கம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு உதய்ப்பூரில் வாங்கிய, மூடி முழுவதும் பூவேலையாகச் சிப்பி பதித்த மரப்பெட்டி ஒன்று எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. இந்தக் கோடையில் அதை ஏ.சி.க்கு நேர் கீழே மாற்றி வைத்ததிலிருந்து, ஓரத்து இதழ்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு கழன்றே விழுந்துவிட்டன. எல்லாம் முத்துச்சிப்பி என்றுதான் விற்றவர் சொன்னார். ஆனால், கழன்றவற்றில் ஒன்று திருப்பத் திருப்பப் பச்சையும் இளஞ்சிவப்புமாக மின்னுகிறது. மற்றொன்று எப்படிப் பார்த்தாலும் வெறும் வெள்ளை, அதன் அடிப்புறத்தில் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் வேறு. நான் ஏமாந்துவிட்டேனா? உடனடிப் பசையால் ஒட்டிவிடலாமா? எலுமிச்சைச் சாற்றால் துடைத்தால் பளபளப்பு திரும்பும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

மறுமொழி: கிளிஞ்சல்

எலுமிச்சையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சிப்பி என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிமனுள்ள தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்து, அவற்றில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் அந்த நிறமாற்றம் தெரிகிறது. புளிப்பு எதுவானாலும் மேலடுக்கை அரித்து, சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக்கிவிடும். லேசாக ஈரமாக்கிப் பிழிந்த பருத்தித் துணியே போதும்.

உங்கள் வெள்ளைத் துண்டு எலும்பு. பெரும்பாலும் ஒட்டக எலும்பாக இருக்கும். அந்தப் புள்ளிகள் இரத்தக் குழாய்கள் ஓடிய துளைகள், பிளாஸ்டிக்கில் அவை இருக்காது. எலும்பையும் சிப்பியையும் கலந்து பதிப்பது அங்கே வழக்கம்தான் என்றாலும், அதைச் சொல்லாமல் விற்றது தவறு.

மறுமொழி: உளிச்சத்தம்

பழுதுக்குக் காரணம் சிப்பியன்று, மரம். ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும், சிப்பியோ அசையாது. ஏ.சி.யின் வறண்ட காற்றில் பலகை சுருங்கியபோது, மேலே இருந்த துண்டுகளுக்கு இடம் போதாமல் விளிம்பு கிளம்பியிருக்கிறது. ஆகவே முதலில் பெட்டியை அங்கிருந்து எடுத்து, இரண்டு வாரம் சாதாரண அறையில் வைத்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். இப்போதே ஒட்டினால் மழைக்காலத்தில் வேறோர் இடத்தில் பிளக்கும்.

உடனடிப் பசை வேண்டாம். நொடியில் இறுகுவதால் துண்டை நகர்த்திச் சரிசெய்ய முடியாது, சுற்றிலும் வெண்படலமும் படியும். அக்காலத் தச்சர்கள் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் வஜ்ரப் பசையைத்தான் காய்ச்சி ஒட்டினார்கள். சூடும் ஈரமும் காட்டினால் இளகுவதால், பிறகு பழுது பார்ப்பவருக்கும் அது வசதி.

மறுமொழி: பழம்பொருள்

வஜ்ரத்தின் அதே குணம்தான் ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் அதற்கு எதிரியாகிறது என்பதால், ஆறே வயதான பெட்டிக்கு மெதுவாக இறுகும் எபாக்சியை (இரண்டு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் பசை) பரிந்துரைப்பேன். குழியிலுள்ள பழைய பிசினைச் சுரண்டி, துண்டைப் பசையின்றி ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒட்டியபின் மேலே பாலிதீன் தாளிட்டு, கனமான ஒன்றை ஒரு நாள் வைத்திருங்கள். தேய்க்க நேர்ந்தால் நீர் தொட்டு, முகக்கவசத்துடன் தேய்க்க வேண்டும்; சிப்பித்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பசையை மட்டும் நம்பாதவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் குஜராத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பேழைகளில், சிப்பித் துண்டுகளைச் சிறு உலோக ஆணிகளால் அறைந்திருக்கிறார்கள். ஆக்ராவுக்கு அருகே பதேபூர் சிக்ரியில் சூஃபி ஞானி சலீம் சிஷ்தியின் சமாதிக்கு மேலுள்ள மரவிதானமும் சிப்பி வேலைதான். அருகில் நின்றால் ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு கோணத்தில் மின்னும்.

மறுமொழி: மரப்பெட்டிக்காரர்

மூவருக்கும் நன்றி. பெட்டியை இடம் மாற்றிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தூக்கிக்கொண்டிருந்த இதழ்களில் மூன்று தாமாகவே படிந்துவிட்டன. கழன்ற இரண்டை மட்டும் வரும் ஞாயிறன்று எபாக்சியால் ஒட்டப்போகிறேன்.