அவசரத்துக்கு வட்டிக்கு வாங்கிய அந்த நாள்: அனுபவப் பகிர்வு

மாட்டுத்தாவணி மகள்

என் தாயார் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையில் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை வாங்கித் தெருத்தெருவாக விற்பவர். விடியற்காலை நான்கு மணிக்கு 900 ரூபாய் வாங்கி, மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் அதை விளக்கவில்லை.

என் மனத்தை விட்டு அகலாதது 2019 ஐப்பசி மழையில் ஒரு மாலைப்பொழுது. அன்று பாதிக் கட்டுகள் விற்கவில்லை. சாக்கில் கிடந்த கொத்தமல்லி ஈரத்தில் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. தாயார் சுருக்குப்பையை மடியில் கவிழ்த்து எண்ணினார். 1,040 ரூபாய் இருந்தது. ஆயிரத்தைத் தனியே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்பதை என்னிடம் கொடுத்துப் பாலும் ரொட்டியும் வாங்கி வரச் சொன்னார். நான் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஓராண்டில் 300 நாள் இப்படி வாங்கினால் வட்டி மட்டும் 30,000 ரூபாய் ஆகிறது, அசலான 900 ரூபாயோ கடைசிவரை நம்முடையதாகவே ஆவதில்லை என்று பெருமையாகக் கணக்குச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “கணக்கு எனக்கும் தெரியும்டி. நாளைக்கு விடியக்காலம் 900 ரூவா வேற யாரு தருவா, அதைச் சொல்லு” என்றார். என்னிடம் பதில் இல்லை. உங்களில் எவரேனும் அந்தக் கேள்விக்கு விடை கண்டிருந்தால் எழுதுங்கள்.

தறிக்கார வீடு

நாங்கள் குமாரபாளையம், விசைத்தறிக் கூலி. அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது இரவு பதினொரு மணிக்கு. தனியார் மருத்துவமனையில் உடனே முன்பணம் கட்டச் சொன்னார்கள். அம்மாவின் தோட்டை அடகு வைக்கலாம் என்றால் கூட்டுறவு வங்கி திறப்பது மறுநாள் காலையில். தண்டல்காரருக்குப் போன் செய்தேன். இருபது நிமிடத்தில் மொபெட்டில் வந்து, மருத்துவமனை வாசலிலேயே 17,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். எழுதிக்கொண்டது 20,000. நாளுக்கு 200 வீதம் நூறு நாள். பதினேழாயிரத்துக்கு மூவாயிரம்தானே, 18 விழுக்காடுகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது நூறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. இதை நான் பின்னாளில்தான் போட்டுப் பார்த்தேன். அன்றிரவே தெரிந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

தண்டல் அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். நூறு கட்டங்கள். அப்பா இறந்தது இருபத்திரண்டாம் கட்டத்தன்று. தண்டல்காரர் வழக்கம்போல் மாலை ஆறு மணிக்கு வந்தார், பந்தலைக் கண்டதும் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, மாலை வாங்கி வந்து போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். மூன்றாம் நாள் வந்து மூன்று நாள் பணத்தைச் சேர்த்து வாங்கிக்கொண்டு, மூன்று கட்டங்களில் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

நெல்லைச் சீமை

மேலே எழுதியவரின் துக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் மாலை போட்டவரைப் பற்றி இப்படி எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மாலையின் விலையையும் உங்கள் அட்டையிலிருந்துதான் அவர் எடுத்தார்.

என் மாமியார் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மகள் பிரசவத்துக்காகப் பத்து வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வீதம், 15,000 வாங்கினார். ஈடாக வாங்கப்பட்டது அவருடைய ஏ.டி.எம். அட்டையும் வங்கிப் புத்தகமும். சம்பளம் விழும் நாளில் ஒருமுறை துணைக்குப் போனேன். ஏ.டி.எம். வாசலில் பதினைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே ஒரே ஒருவர், ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டோடு நின்று, ஒவ்வொன்றாகச் செருகிப் பணத்தை எடுத்துத் தமக்குரியதைக் கழித்துக்கொண்டு மீதியை வெளியே நீட்டினார். எந்த அட்டைக்கு எந்த எண் என்பது அவருக்கு மனப்பாடம். பிறகொரு நாள் கடனை அடைத்து அட்டையை மீட்டபோது, என் மாமியாருக்குத் தம்முடைய இரகசிய எண் தெரியவில்லை. நான்கு ஆண்டுகளாக அவர் அதை அழுத்தியதே இல்லை.

தமிழ்நாட்டில் 2003 முதல் இதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்து, மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான், 2017 அக்டோபரில், எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்தது. புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைவிட, புகார் கொடுத்த மறுமாதம் வேறு யார் கடன் தருவார் என்பதே இங்குள்ள அச்சம்.

ஓய்வுபெற்ற காசாளர்

முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்தேன். ஒருமுறை எங்கள் கிளையின் காவலாளியே கந்துவட்டிக்கு வாங்கியிருந்தது தெரியவந்தபோது, பக்கத்து மேசையிலிருந்த என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று மனம் வருந்தினேன். “உங்ககிட்ட கேட்டா மேனேஜருக்குத் தெரியும் சார்” என்றார். என் அனுபவம் அவ்வளவே.

இங்கே எழுதுபவர்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். எந்த நிலையிலும் எழுதப்படாத புரோ நோட்டிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்திடாதீர்கள்; தொகையையும் தேதியையும் உங்கள் கையாலேயே நிரப்பிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தவணையையும் கூடுமானவரை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள்; ரொக்கமாகக் கொடுத்ததை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். வீட்டில் இரண்டு கிராம் தங்கம் இருந்தாலும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுத்துறை வங்கியிலோ வைக்கும் நகைக்கடன், எந்தத் தண்டலையும்விடப் பல மடங்கு மலிவு. பெண்கள் சுய உதவிக் குழுவில் இருந்தால் குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன் கேட்கலாம். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய அந்த ஏற்பாட்டின் வேரே இந்தச் சிறு அவசரத் தேவைதான். தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் வந்த பி.எம். ஸ்வநிதி திட்டத்தில், ஈடு ஏதுமின்றி முதல் கடனாக 10,000 ரூபாய் கொடுத்தார்கள். ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு அடுத்து 20,000 கொடுத்தார்கள். மாநகராட்சி வழங்கும் வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ போதும். முதலில் எழுதிய பெண் தம் தாயாருக்காக இதை உடனே விசாரிக்க வேண்டும்.

கைப்பேசிச் செயலிகளில் வாங்குவோர், ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் தொகை நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக் கூடாது. மிரட்டல் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். இவை எல்லாம் இருந்தும் நம் மக்கள் விசாரிக்காமல் கையெழுத்திடுவதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இரண்டு சக்கரம்

ஐயா, தாங்கள் எழுதியதில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் தங்கள் காவலாளி சொன்ன ஒரு வரியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு அறிவுரைக்குப் போய்விட்டீர்கள். அவர் விசாரிக்காமல் வாங்கவில்லை; வெளியே தெரியக் கூடாது என்று வாங்கினார்.

நான் சென்னையில் உணவு கொண்டு சேர்க்கும் வேலை செய்கிறேன். 2020 பொதுமுடக்கத்தில் வண்டித் தவணையும் அறை வாடகையும் ஒரே வாரத்தில் வந்து நின்றன. ஊரில் அண்ணனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், சென்னைக்குப் போய் இதுதானா சம்பாதித்தாய் என்ற பேச்சு வரும். செயலி ஒன்றும் கேட்கவில்லை. ஆதாரையும் முகத்தையும் காட்டச் சொன்னது, பத்து நிமிடத்தில் பணம் வந்தது. ஐயாயிரம் என்று போட்டு 3,200 கைக்கு வந்தது. ஏழாம் நாள் ஐயாயிரமாகக் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் இரண்டாவது செயலியில் வாங்கி முதலாவதை அடைத்தேன். அதை அடைக்க மூன்றாவது.

மூன்றாவதைக் கட்ட முடியாமல் போன எட்டாம் நாள் காலையில் அக்கா அழைத்தாள். அவளுடைய மாமனாரின் வாட்ஸ்ஆப்பில் என் படம் வந்திருந்தது. கீழே ‘திருடன்’ என்று எழுதியிருந்தது. என் தொடர்பு எண்களில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே நான் போன இடம், எல்லாருக்கும் சொல்லிவிட்டது. அக்கா அழவில்லை. “எவ்வளவுடா?” என்று மட்டும் கேட்டாள். தாங்கள் சொன்ன விதிகள் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

பேராவூரணி

சுருக்கமாக எழுதுகிறேன். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் தென்னைகள் அத்தனையும் சாய்ந்தன. தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்; மகளிர் குழுக் கடனின் தவணையோ அடுத்த திங்கட்கிழமையே வரும். கூட்டுப் பொறுப்பு என்பதால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்கள் வீட்டுக்குப் போக முடியாது. என் வீட்டுத் திண்ணையில் ஒன்பது பேர் பிற்பகல் முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் என் தெருப் பெண்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். யாரும் திட்டவில்லை. குழந்தை பசியில் அழுதது. நான் எழுந்து கொல்லைப்புறமாகப் போய், பத்து வட்டிக்கு 1,200 வாங்கி வந்து கட்டினேன். சட்டப்படி வந்த கடனைக் கட்டுவதற்காகத்தான் முதன்முதலில் கந்துவட்டிக்குப் போனேன். இத்தகைய குறுங்கடனை மாலை ஆறு மணிக்குமேல் வசூலிக்க அழைக்கக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது நல்லதுதான். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் வங்கி ஆட்கள் அல்லர் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மாட்டுத்தாவணி மகள்

அனைவருக்கும் நன்றி. காசாளர் ஐயாவுக்கு: தாயாருக்கு 2021-இலேயே அந்தப் பத்தாயிரத்தை வாங்கிக் கொடுத்தேன். அடையாள அட்டைக்காக மூன்று முறை அலைந்தோம். ஒவ்வொரு முறையும் அன்றைய வியாபாரம் போயிற்று. ஆனாலும் கிடைத்தது. மாதத் தவணை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. ஏழு மாதங்கள் அவர் யாரிடமும் கைநீட்டவில்லை. கொள்முதலுக்கான பணத்தைப் பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். காலை எழுந்ததும் முதலில் புட்டியைத்தான் தொடுவார்.

எட்டாம் மாதம் அவருக்கு டைபாய்டு வந்தது. பதினெட்டு நாள் படுக்கை. புட்டியில் இருந்தது மருந்துக்கும் தவணைக்கும் போயிற்று. எழுந்து நடக்கத் தொடங்கிய அன்று நான்கு மணிக்கு நானும் சந்தைக்குப் போனேன். அந்த மனிதர் அதே விளக்குக் கம்பத்தடியில் நின்றிருந்தார். “உடம்பு இப்பப் பரவாயில்லையாக்கா?” என்று கேட்டுவிட்டு, தாயார் வாய் திறக்கும் முன்பே ஒன்பது நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி நீட்டினார்.