பெரிய நிறுவன சர்வர் ஒன்றா, சிறிய சர்வர்கள் பலவா?

கேள்வி (தரவுத்தள நிர்வாகி)

எங்கள் நிறுவனத்தின் மையத் தரவுத்தளம் இரண்டு சாக்கெட் (செயலிச் சில்லு பொருந்தும் இடம்) கொண்ட எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) சர்வர்களில் ஓடுகிறது. அடுத்த கட்டமாக ஐபிஎம் பவர் இ1080 என்ற பெரிய சர்வர் பரிசீலனையில் உள்ளது. அதிகபட்சம் 16 சாக்கெட், 240 கோர் (செயலியின் கணக்கிடும் அலகு), 64 டெராபைட் நினைவகம் என்று அதன் விவரக் குறிப்பு சொல்கிறது. இதே எண்ணிக்கையிலான கோர்களைச் சிறிய சர்வர்களைக் கூட்டியும் பெறலாமே என்பதுதான் என் ஐயம். கட்டமைப்பில் உண்மையாகவே என்ன வேறுபாடு இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (யூனிக்ஸ் சர்வர் பொறியாளர்)

முதலில், பவர் இ1080 ஒரே பெட்டி அன்று. நோடு எனப்படும், நான்கு சாக்கெட் கொண்ட பெட்டிகள் நான்கு வரை கேபிள்களால் பிணைக்கப்பட்டு, எல்லாவற்றிலும் உள்ள நினைவகம் ஒரே முகவரி வெளியாகத் தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கோரும் எந்த முகவரியையும் சாதாரண நினைவகக் கட்டளையாலேயே அணுகலாம். ஒரு கோர் மாற்றிய தரவின் பழைய நகலை இன்னொரு கோர் தெரியாமல் பயன்படுத்திவிடாதபடி வன்பொருளே காக்கிறது. சிறிய சர்வர்களைக் கூட்டினால் கிடைக்காதது இதுதான்.

உங்கள் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். பல பரிவர்த்தனைகள் ஒரே நேரத்தில் திருத்த முயலும் ஓர் இண்டெக்ஸ் பிளாக்கை (தேடல் அட்டவணையின் ஒரு துண்டு) காக்கும் லேட்ச் என்ற சிறு பூட்டு, நினைவகத்தில் சில பைட்டுகள் மட்டுமே. பெரிய சர்வரில் அது கைமாறுவது என்பது 128 பைட் கேஷ் லைன் (கோரின் அருகிலுள்ள வேக நினைவகத்தின் ஒரு துண்டு) ஒன்று இடம்பெயர்வதுதான். நோடு விட்டு நோடு சென்றாலும் நானோசெகண்டுகளில் முடிந்துவிடும். சிறிய சர்வர்களை வலையமைப்பால் இணைத்த கிளஸ்டரிலோ, ஒரு சர்வர் மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பி, அது தன் பிடியை விட்ட பிறகு, முழு பிளாக்கையும் வலையமைப்பு வழியே வாங்க வேண்டும். அது மைக்ரோசெகண்டுகளின் கணக்கு. நெரிசல் ஏற்பட்டால் அதற்கும் மேல்.

ஆனால் எல்லா நினைவகமும் சம தொலைவில் இல்லை. தன் சாக்கெட்டில் உள்ள நினைவகத்தை விட அடுத்த நோடில் உள்ளதை அடைய ஒரு கோர் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு நோடுக்குள் அடங்கக்கூடிய எல்பாரை (பெரிய சர்வரைப் பிரித்து அமைக்கும் தனி மெய்நிகர் சர்வர்) இரண்டு நோடுகளில் பரப்பி வைத்தால், வாங்கிய வேகத்தில் ஒரு பங்கை நாமே வீணடிக்கிறோம்.

மறுமொழி (மெயின்ஃபிரேம் சிஸ்டம் புரோகிராமர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் என் பார்வையில் இத்தகைய சர்வர்களின் உயிர்நாடி வேகமன்று, பழுதை எதிர்கொள்ளும் விதம்.

2022இல் வந்த ஐபிஎம் இசட்16 மெயின்ஃபிரேமின் டெலம் என்ற செயலிச் சில்லில் 8 கோர்கள் உள்ளன. முழு அமைப்பில் வாடிக்கையாளர் பயன்படுத்தக்கூடியவை அதிகபட்சம் 200 கோர்கள். அவற்றைத் தவிர, உள்ளீடு வெளியீட்டு வேலையைக் கவனிக்கும் கோர்கள் தனியே இருக்கின்றன. பழுதுக்காகக் காத்திருக்கும் உதிரிக் கோர்களும் இருக்கின்றன. ஒரு கோரில் பிழை தென்பட்டால், கடைசியாகச் சரியென உறுதியான நிலைக்குத் திரும்பி அந்தக் கட்டளையை மீண்டும் செய்து பார்க்கிறது. அப்போதும் தவறினால், அந்த நிலையை உதிரிக் கோருக்கு மாற்றி வேலையைத் தொடர்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இதில் எதுவும் தெரியாது. நினைவகத்திலும் அப்படியே: 2010இல் இசட்196 மெயின்ஃபிரேமில் அறிமுகமான ரெய்ம் என்ற நினைவகக் காப்பு அமைப்பு, ஒரு முழு நினைவகச் சேனலே (நினைவகத்துக்கான ஒரு தரவுப் பாதை) செயலிழந்தாலும் தரவை மீட்டுத் தந்தது.

உள்ளீடு வெளியீட்டைச் சேனல்கள் எனப்படும் தனி அலகுகளிடம் ஒப்படைத்து மையச் செயலியைக் கணக்கிட மட்டும் விடுவது 1964ஆம் ஆண்டின் ஐபிஎம் சிஸ்டம்/360 மெயின்ஃபிரேம் காலத்திலேயே இருந்த ஏற்பாடு. அது இன்றும் நிலைத்திருப்பதை எண்ணி நான் உளமார வியக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. லேட்ச் பற்றிய விளக்கம் எங்கள் சிக்கலுக்கு நேராகப் பொருந்துகிறது. எங்கள் வலைப் பயன்பாட்டுச் சர்வர்களையும் இதற்குள் கொண்டுவருவது தகுமா? எல்பார்களின் இருப்பிடத்தை எப்படிச் சரிபார்ப்பது?

மறுமொழி (யூனிக்ஸ் சர்வர் பொறியாளர்)

வலைப் பயன்பாட்டுச் சர்வர்களை வெளியிலேயே வைத்திருங்கள். ஒன்று விழுந்தால் மற்றொன்று ஏற்கும்படி அவை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். விலை கூடிய கோர்கள் அவற்றுக்குத் தேவையில்லை. தரவுத்தள உரிமக் கட்டணம் கோர் கணக்கில் இருந்தால், ஒவ்வொரு கோரும் 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் கட்டளைத் தொடர்) வரை ஓட்டுவதால் எத்தனை கோர்கள் போதும் என்பதை உங்கள் சொந்தப் பணிச்சுமையில் அளந்து முடிவு செய்யுங்கள். எவ்வளவு உறுதியான சர்வராயினும் கட்டடத்தில் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். ஆகவே வேறோர் இடத்தில் மாற்று ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

இருப்பிடத்தை அறிய ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் எல்எஸ்எஸ்ஆர்ஏடி (lssrad) கட்டளையும், லினக்ஸில் நியூமாசிடிஎல் (numactl --hardware) கட்டளையும் உதவும். ஒரு வட்டாரத்தில் (சேர்ந்தே அருகில் இருக்கும் கோர்கள், நினைவகத்தின் தொகுதி) கோர்கள் இருந்தும் நினைவகம் சுழியமாகத் தெரிந்தால், அந்தக் கோர்கள் ஒவ்வொரு முறையும் தொலைவிலிருந்தே தரவை இழுக்கின்றன என்று பொருள். கொள்முதலுக்கு முன் விற்பனையாளரிடம், நினைவக அட்டைகள் எல்லாச் சாக்கெட்டுகளிலும் சமமாகப் பொருத்தப்படுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.