அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது ஆறு மாதம் போதும் என்று வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது? (தர்மபுரி)

காரிமங்கலத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி செந்தில் நகர்ப் பக்கம் ஒரு மாடி வீட்டில் நாலு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம், மேலே நாங்கள். வாடகை 7,500, அட்வான்ஸ் 50,000. பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை அக்ரிமென்ட் புதுப்பிப்பது வழக்கம், இந்தத் தடவை மே மாதக் கடைசியில் முடிகிறது.

விஷயம் என்னவென்றால், காரிமங்கலத்தில் அப்பா கொடுத்த இடத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு இருக்கிறோம். தை மாதம் தளம் போட்டாச்சு, இப்போது உள் பூச்சு நடக்கிறது. மேஸ்திரி ஆவணியில் பால் காய்ச்சிவிடலாம் என்கிறார். அதனால் எங்களுக்கு ஜூனிலிருந்து நாலு மாதம், மிஞ்சிப்போனால் ஆறு மாதம் இருந்தால் போதும்.

போன வாரம் ஓனர் புது அக்ரிமென்ட் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடியும் பதினோரு மாதம், வாடகை 500 ஏற்றம். அது பரவாயில்லை. நாலாவது பாராவில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: பதினோரு மாதம் முடியும் முன் காலி செய்தால் இரண்டு மாத வாடகையை அட்வான்சில் பிடித்துக்கொள்வார்களாம். அதாவது 16,000 ரூபாய். எங்களுக்கு இப்போது ஒரு மூட்டை சிமென்ட் கூட யோசித்து வாங்க வேண்டிய நிலைமை.

சண்டை போட மனசு இல்லை. போன வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது கீழ் வீட்டு அம்மாதான் பத்து நாள் ரசம் சாதம் கட்டிக் கொடுத்தார்கள். பையனை அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுத்தான் நானும் மனைவியும் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிப் போய்வந்தோம். அப்படிப்பட்டவர்களிடம் முகத்தைக் காட்ட முடியாது. அதே நேரம் தெரிந்தே அந்தக் கையெழுத்தைப் போடவும் பயமாக இருக்கிறது. கூட வேலை செய்கிறவர் ஒருவர், கையெழுத்தே போடாமல் இழுத்துக்கொண்டே இரு, ஒன்றும் பண்ண முடியாது என்கிறார். அது சரியா? வீடு கட்டுவதை இன்னும் அவரிடம் முழுசாகச் சொல்லவில்லை, அதுவும் உறுத்துகிறது. எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

குமாரசாமிப்பேட்டை மாடிவீடு:

நானும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். உங்கள் ஓனர் அந்த வரியைப் பணத்துக்காகச் சேர்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. வீடு காலியாகக் கிடக்கும் பயம் அது. நம்ம ஊரில் குடும்பத்தோடு வருகிறவர்கள் சித்திரை, வைகாசியில்தான் வீடு தேடுவார்கள், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் பிறகு பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற யாரும் விரும்ப மாட்டார்கள். அதற்குப் பின்னால் ஆடி வந்துவிடும். ஆடியில் யார் பால் காய்ச்சிக் குடி வருவார்? ஆவணி விட்டால் புரட்டாசி, அதிலும் பலர் வீடு மாற மாட்டார்கள். மார்கழியும் அப்படித்தான்.

எனக்கே நடந்தது. ஒரு குடும்பம் ஆனி இருபதாம் தேதி வந்து, மாசக் கடைசியில் காலி செய்கிறோம் ஐயா என்று சொன்னார்கள். நல்ல மனுஷர்கள்தான், ஆனால் அந்த வீடு ஆவணி இரண்டாவது வாரம் வரைக்கும் பூட்டியே கிடந்தது. அந்த வாடகையை நம்பித்தான் என் மகளுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டிக்கொண்டு இருந்தேன். அதே வீட்டில் பிறகு இருந்த ஒரு ஆசிரியர், டிரான்ஸ்பர் கவுன்சிலிங் நடக்கும் முன்பே வந்து, எனக்குக் கிடைத்தாலும் கிடைக்கும் ஐயா, கிடைத்தால் போவேன் என்று சொல்லி வைத்தார். கிடைத்ததும் தன் பள்ளியிலேயே வேலை பார்க்கிற இன்னொருவரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினார். ஒரு நாள் கூட வீடு காலி இல்லை. அட்வான்சை அன்றைக்கே எண்ணிக் கொடுத்தேன்.

அதனால் நீங்கள் எத்தனை மாதம் இருப்பீர்கள் என்பதைவிட எந்த மாதத்தில் போவீர்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம். "ஆறு மாதம் போதும்" என்று ஆரம்பித்தால் அவர் மனசில் உடனே பூட்டிய வீடுதான் தெரியும். அதற்குப் பதில் பதினோரு மாதம் என்றே இருக்கட்டும், அந்த ஒரு வரியை மட்டும் மாற்றித் தாருங்கள் ஐயா, இரண்டு மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறோம், ஆவணியில் நாங்கள் போனால் ஆவணியிலேயே அடுத்தவர் வரும்படி பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். வீடு பார்க்க யார் வந்தாலும் காட்டுகிறோம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். குடியிருப்பவர் இருக்கும்போதே உள்ளே வந்து பார்க்க விடாமல் கதவைச் சாத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஓனருக்குப் பெரிய தலைவலி.

வீடு கட்டுவதை மறைக்கவே மறைக்காதீர்கள். காரிமங்கலம் என்ன தூரம்? இன்றில்லை நாளை யாராவது ஒருவர் பஸ்சில் வைத்துச் சொல்லிவிடுவார். உங்கள் வாயால் தெரிவதற்கும் அடுத்தவர் வாயால் தெரிவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பத்திரம் டைப் அடிக்கிறவன்:

கிருஷ்ணகிரியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன், வாரத்துக்கு நாலைந்து வாடகை அக்ரிமென்டாவது அடிப்பேன். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. தமிழ்நாட்டில் பழைய 1960 வாடகைச் சட்டம் போய், 2017ல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி குறிப்பிட்ட காலம் முடிந்து, புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், பழைய நிபந்தனைகளிலேயே மாதாமாதம் நீட்டித்ததாக எடுத்துக்கொள்வார்கள், அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, உங்கள் கணக்குக்கும் சரியாகப் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அதை நம்பி வாயை மூடிக்கொண்டு இருந்தால் கீழ் வீட்டில் இருக்கிறவரோடு ஆறு மாதமும் முறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழாவது மாதம் உங்கள் வீட்டு வேலை முடியவில்லை என்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. பேசி எழுதிக்கொள்வதுதான் உங்களுக்கு நல்லது.

பதினோரு மாதம் என்பது எதற்கு என்று பலருக்குத் தெரியாது. 1908ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் பதினொன்று என்ற வழக்கம் வந்தது. ஆனால் புதுச் சட்டத்தில் எத்தனை மாதமாக இருந்தாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதனால் பதினொன்று என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டிய அவசியம் உங்கள் இருவருக்குமே இல்லை. நாலு மாதமும் போடலாம், இருபது மாதமும் போடலாம், ஒரு வருடத்தைத் தாண்டினால் மட்டும் அந்தப் பதிவுச் சட்டப்படியும் பதிய வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொள்வதுதான் காலம்.

அட்வான்ஸ் பற்றி ஒன்று. தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். உங்களுடையது ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதை இப்போது கிளறச் சொல்லவில்லை, ஆனால் திருப்பிக் கொடுக்கும் நாளை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், சொந்த வீட்டுக்குப் போகும் நேரத்தில் அந்தப் பணம் கைக்கு வராவிட்டால் ரொம்பக் கஷ்டம்.

நான் வழக்கமாக அடிக்கும் வரி இது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "வாடகைதாரர் இரண்டு மாதங்களுக்கு முன்பாக எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து எந்த மாதத்திலும் வீட்டைக் காலி செய்துகொள்ளலாம். அவ்வாறு முன்னறிவிப்புடன் காலி செய்யும்பட்சத்தில் முன்பணத்தில் அதற்காக எவ்விதப் பிடித்தமும் செய்யக் கூடாது. வீட்டின் சாவியை ஒப்படைக்கும் நாளில் மின் கட்டணம், தண்ணீர் கட்டணம் நீங்கலாக மீதி முன்பணத்தை உரிமையாளர் திருப்பித் தர வேண்டியது."

பழையபேட்டை அக்கா:

தம்பி, மேலே இரண்டு பேரும் சரியாகச் சொன்னார்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன். மேஸ்திரி சொல்லும் தேதியை நம்பி ஆறு மாதம் என்று கேட்டு வாங்கிவிடாதீங்க. நாங்கள் கட்டும்போது வைகாசி என்றார்கள், பால் காய்ச்சியது கார்த்திகையில். முதலில் தச்சர் வரவில்லை, அப்புறம் மழை, அப்புறம் கட்டுமான வேலைக்கு வாங்கின கரண்ட் கனெக்‌ஷனை வீட்டு கனெக்‌ஷனாக மாற்ற அலைந்தது. டைல்ஸ் ஒட்டுகிற ஆள் இரண்டு அறையை ஒட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

நான் அப்போது கறாராக ஐந்து மாதம் என்று எழுதி வாங்கியிருந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் முடிந்ததும் அந்த ஓனர் வேறு ஆளுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டார், அவர் மேல் தப்பே சொல்ல முடியாது, நான்தான் எழுதிக் கொடுத்தேன். மாமியார், இரண்டு குழந்தைகள், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு என் அண்ணன் வீட்டு ஹாலில் ஏழு வாரம் இருந்தோம். கதவு இல்லாத வீட்டில் போய்ப் படுக்கவும் முடியாது பாருங்க.

உங்களுக்கு வேண்டியது குறைந்த காலம் இல்லை. சீக்கிரம் முடிந்தால் போகவும், முடியாவிட்டால் இருக்கவும் வழி வேண்டும். அதனால் குமாரசாமிப்பேட்டை அண்ணா சொன்ன மாதிரி பதினோரு மாதம் இருக்கட்டும், வெளியே போகும் வழி மட்டும் திறந்திருக்கட்டும். வாடகை 500 ஏற்றத்தைப் பேரம் பேசாமல் ஒத்துக்கொள்ளுங்க, அது உங்களுக்கு அந்த வழிக்கான விலை. ஓனரிடம் பேசப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்க. ரசம் சாதம் கட்டிக் கொடுத்த அந்த அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

காரிமங்கலத்தான்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் கீழே போனோம். என்ன எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தேன், உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. ஐயா, காரிமங்கலத்தில் வீடு கட்டுகிறோம், ஆவணியில் பால் காய்ச்சலாம் என்று இருக்கிறோம், இன்னும் உறுதி இல்லை, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அந்த அம்மாதான் முதலில் சந்தோஷப்பட்டு, எத்தனை ரூம், வாசல் எந்தப் பக்கம் என்று மனைவியிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் அவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஆனி, ஆடி, ஆவணி என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஆடியில் மட்டும் காலி செய்யாதே, மற்றது எதுவானாலும் பேசிக்கொள்ளலாம் என்றார். மாடிவீட்டு ஐயா சொன்னது அப்படியே! மூன்று வருடத்துக்கு முன் பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய இன்னொரு வீட்டில் யாரோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்களாம், அதிலிருந்துதான் அந்த வரியைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்.

கடைசியில் பதினோரு மாதம், வாடகை 8,000, இரண்டு மாத முன்னறிவிப்பு, ஆடியில் காலி செய்வதில்லை, பிடித்தம் இல்லை என்று முடிவானது. ஆவணியில் போவதாக இருந்தால் ஆனி பாதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளையடிப்பதற்கு 3,000 நாங்கள் தருகிறோம் என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை, ஆனால் பையன் சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறான். அட்வான்ஸ் சாவி கொடுக்கும் அன்றைக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். புதிதாக அடிக்க வேண்டாம் என்று, அடித்து வைத்திருந்த அக்ரிமென்டிலேயே நாலாவது பாராவைக் கோடு போட்டு அடித்துவிட்டு, டிடிபி அண்ணா கொடுத்த வரியை 'ஆடி தவிர' என்று சேர்த்துப் பேனாவால் எழுதினோம்.

பத்திரம் டைப் அடிக்கிறவன்:

ரொம்ப சந்தோஷம். கோடு போட்டு அடித்த இடத்துக்கும் கையால் எழுதின வரிக்கும் பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தீர்களா? கீழே மொத்தமாகப் போடும் கையெழுத்து அதற்குப் போதாது. உங்களிடம் ஒரு நகலும் இருக்கட்டும்.

காரிமங்கலத்தான்:

மார்ஜினில் போடவில்லை அண்ணா. சாயங்காலம் அவர் வந்ததும் போட்டுவிடுகிறோம், நகலும் எடுத்துக்கொள்கிறேன்.