லிஃப்ட் இல்லாத மலைக்கு நண்பர்களோடு ஸ்கீயிங்: கிளம்பும் முன் என்ன பேசி வைத்துக்கொள்கிறீர்கள்?

பனித்தடம்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர், பல வருடப் பழக்கம். ரிசார்ட்டில் லிஃப்டில் ஏறி இறங்கும் ஸ்கீயிங் எல்லாருக்கும் நன்றாகவே வரும். இந்த சீசனில் முதல் தடவையாக, போட்டு வைத்த பாதை எதுவும் இல்லாத மலையில், ஸ்கீயின் அடியில் ஸ்கின் (பின்னால் வழுக்காமல் மேலே ஏற உதவும் பசைப்பட்டை) ஒட்டி நாங்களே ஏறி இறங்கும் பேக்கன்ட்ரி பயணம் போகலாம் என்று பேச்சு. மூன்று பேர் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்பு முடித்துவிட்டோம், மீதிப் பேர் "அதான் நீங்கள் இருக்கிறீர்களே, அப்புறம் என்ன" என்கிறார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். ஒருவன் வேகமாக ஏறுவான், இன்னொருவன் களைத்துப்போனாலும் வாய் திறந்து சொல்ல மாட்டான். என்ன சாமான் வாங்குவது என்று நான் கேட்கவில்லை. குழுவாகக் கிளம்பும் முன் எதையெல்லாம் பேசி முடிவு செய்வீர்கள்? உள்ளே போன பிறகு ஒருவர் "இந்தச் சரிவு வேண்டாம்" என்றால் என்ன செய்வீர்கள்?

வடமுகம்:
வகுப்புக்குப் போகாத அந்த மூன்று பேரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் புதைந்தால் என்னைத் தோண்டி எடுப்பது யார்? வகுப்பு முடித்தவர்தான் பெரும்பாலும் முதலில் சரிவில் இறங்குவார், அதனால் முதலில் மாட்டுவதும் அவராக இருக்கலாம். அப்போது மேலே நிற்பவர்கள் கையில்தான் அவர் உயிர் இருக்கிறது. மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுகிறார்கள், 35 நிமிடம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர் தேறுவதே பெரிது.

ஆகவே ஆறு பேரிடமும் பீக்கன் (சிக்னல் அனுப்பவும், புதைந்தவரின் சிக்னலைத் தேடவும் உதவும் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் மண்வெட்டி) இருந்தால் மட்டும் போதாது, ஆறு பேருக்கும் அதில் கை பழகியிருக்க வேண்டும். ஒரு பீக்கனை ஆன் செய்து பைக்குள் வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதையுங்கள், இடம் தெரியாத ஒருவர் தேடட்டும், நேரம் பாருங்கள். சிக்னல் மூன்று மீட்டருக்குள் வந்ததும் பதற்றத்தில் எல்லாரும் பீக்கனை அங்குமிங்கும் ஆட்டுவார்கள். அங்கேதான் நிதானிக்க வேண்டும், பனியை ஒட்டிப் பிடித்து, பீக்கனைத் திருப்பாமல் குறுக்கும் நெடுக்கும் மெதுவாக நகர்த்துங்கள். தூரத்தின் எண் மிகக் குறைவாகக் காட்டும் புள்ளியில் ப்ரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாக இறக்கி, அங்கிருந்து 25 செ.மீ. இடைவெளி விட்டுச் சுற்றிச் சுற்றி வெளியே வாருங்கள். தரையில் பட்டால் டக்கென்று நிற்கும், ஆள்மேல் பட்டால் கொஞ்சம் அமுங்கி எழும்பும். பட்டதும் ப்ரோப்பைப் பிடுங்காதீர்கள், அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழ்ப்பக்கமிருந்து தோண்டுங்கள். அதிக நேரம் தின்பது இந்தத் தோண்டல்தான். சரிந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், கன மீட்டருக்குப் பெரும்பாலும் 300 கிலோவுக்கு மேல் இருக்கும்.

மலைக்காற்று:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்கலாம், வாதாடக் கூடாது. இதை முந்தின நாள் இரவே வெளிப்படையாகச் சொல்லி எல்லாரிடமும் சம்மதம் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் மேலே போனபின் நட்பே வாயை அடைத்துவிடும். "எல்லாரும் இவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டோம், நான் ஒருத்தன் கெடுப்பானேன்" என்று நினைப்பது மனித இயல்பு. 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டனல் க்ரீக் சரிவில் இறங்கியது 16 பேர், அதில் பெரும்பாலோர் கை தேர்ந்தவர்கள். மூன்று பேர் இறந்தார்கள். கூட்டம் பெரிதாக இருக்கிறதே என்று சிலருக்கு மனதில் உறுத்தியிருக்கிறது, ஆனால் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் "அதான் நீங்கள் இருக்கிறீர்களே" பற்றி. இயன் மெக்கமன் என்பவர் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். நன்கு பயிற்சி பெற்றவர்களும், பழகிய இடம் என்று வந்துவிட்டால், பயிற்சியே இல்லாதவர்கள் அளவுக்கு ஆபத்தில் தலையைக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் தலையில் எல்லா முடிவையும் கட்டாதீர்கள்.

முதல் பயணம் என்பதால் 30 டிகிரிக்குக் குறைந்த சரிவுகளாகவே தேர்ந்தெடுங்கள். பாளமாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் உள்ள சரிவுகளில்தான் கிளம்புகின்றன. நீங்கள் நிற்கும் இடம் சாய்வு குறைவாக இருந்தால் மட்டும் போதாது, தலைக்கு மேலே செங்குத்தான சரிவு தொங்குகிறதா என்றும் பாருங்கள். பனிச்சரிவு அபாய அறிக்கையில் 5க்கு 3 என்று போட்டிருந்தால் "நடுத்தரம்தானே" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த மட்டத்தில்தான் நடக்கிறது. காலடியில் பனி "வும்ப்" என்று அமுங்கினாலோ ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ ஓட்டெடுப்பே தேவையில்லை, வந்த வழியே திரும்புங்கள்.

ஸ்கின்பசை:
வேகம் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆனால் குழுவில் மனக்கசப்பு தொடங்குவது அங்கேதான். மெதுவாக ஏறுபவரை இரண்டாவதாக விடுங்கள், கடைசியில் விடாதீர்கள். கடைசியில் வருபவர் வந்து சேரும்போது மற்றவர்கள் தேநீர் குடித்து முடித்துக் கிளம்பத் தயாராக இருப்பார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. வாய் திறக்காத உங்கள் நண்பருக்கு இது ஒன்றே பாதி உதவி. ஏற ஆகும் நேரத்தை, வெர்னர் முன்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டியின் முறையில் கணக்கிடுங்கள்: தூரம் எத்தனை கிலோமீட்டரோ அதோடு, ஏற வேண்டிய உயரத்தில் 100 மீட்டருக்கு ஒன்று வீதம் கூட்டி, 4ஆல் வகுக்க வேண்டும். 5 கி.மீ. தூரம், 800 மீட்டர் ஏற்றம் என்றால் 13ஐ 4ஆல் வகுக்க, மூன்றேகால் மணி நேரம். ஆறு பேர் என்றால் இதற்கு மேலும் ஆகும், ஏனென்றால் ஒருவர் ஸ்கின் பசையில் பனி ஒட்டினால் ஆறு பேரும் நிற்க வேண்டும். கழற்றிய ஸ்கின்னைப் பைக்குள் போடாமல் ஜாக்கெட்டுக்குள் உடம்போடு வைத்தால் பசை குளிரில் செத்துப்போகாது.

வடமுகம்:
ஆறு பேர் அதிகம், 3+3 ஆகப் பிரியலாம் என்று யாராவது சொல்லக்கூடும். பிரிந்தால் ஒரு குழு இன்னொரு குழுவின் தலைக்கு மேல் போகவே கூடாது, வாக்கி டாக்கி இல்லாமல் பிரியவும் கூடாது. முதல் தடவை சேர்ந்தே போங்கள், சரிவில் மட்டும் ஒவ்வொருவராக இறங்கி, பனிச்சரிவு வந்தாலும் எட்டாத இடத்தில் ஒதுங்கி நின்று அடுத்தவரைக் கண்ணால் பாருங்கள். போனை பீக்கனிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ.

பனித்தடம்:
ரொம்ப நன்றி. யார் தோண்டுவது என்ற கேள்வியைக் குழுவில் அப்படியே போட்டேன். இரண்டு பேர் உடனே வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள், மூன்றாமவர் இந்த வருடம் முடியாது, அடுத்த வருடம் வருகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டார். வருத்தம்தான், ஆனால் அவர் அதை இப்போதே சொன்னது எவ்வளவோ மேல். அந்த வகுப்பு முடிந்த பிறகுதான் தேதி குறிப்போம். வேகமாக ஏறுபவனிடம் ஷவல் பயிற்சியை நடத்தும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன். பீக்கன் தேடலுக்கு எங்களுக்குள் எத்தனை நிமிட இலக்கு வைப்பது சரி?

வடமுகம்:
புதைந்தது ஒரே ஆள், ஒரு மீட்டர் ஆழம் என்றால், தேடத் தொடங்கியதிலிருந்து ப்ரோப் படும் வரை நான்கு நிமிடத்துக்குள் வருகிற மாதிரி பழகுங்கள். மிச்ச நேரம் முழுவதும் தோண்டத் தேவைப்படும்.