பின் பிறேக் ஷூ மாற்றினேன், பெடல் தரை வரை போகிறது. அவசரம்!

ஊர்க்குருவி (சனி, மாலை 5.10)
வணக்கம். காலையில் தொடங்கி இப்பதான் முடித்தேன். பின் பிறேக் ஷூ இரண்டு பக்கமும் மாற்றியாச்சு, ஸ்பிரிங் எல்லாம் புதுசு. ஆனால் பெடலை மிதித்தால் தரை வரை போகிறது. திங்கள் விடிய வேலைக்குப் போக வேணும், வேறு வாகனம் இல்லை. எங்கே பிழை விட்டேன்? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கோ.

ஸ்பானர்14 (5.22)
என்ன வண்டி? எந்த வருஷம்? எந்த ஊர்? சக்கரத்தில் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரையும் கழற்றினீர்களா? ஒன்றுமே சொல்லாமல் "எங்கே பிழை" என்றால் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆயில்கறை (5.25)
காற்று. பிரேக் ஆயில் லைனுக்குள் நூற்றுக்கு நூறு காற்று. பிளீட் பண்ணி அதை வெளியேற்றுங்கள். பெடலோடு இருக்கிற மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அந்தச் சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வாருங்கள். என் ஜீப்பிலும் இதேதான்.

பட்டறைவாசி (5.41)
இருபத்தைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். காணொளி பார்த்து பிரேக் பிரிக்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பழைய வண்டியில் பெடல் வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போனால், உள்ளே துருப்பிடித்த இடத்தில் ரப்பர் கப் உரசிக் கிழிந்துவிடும். இது ஏட்டில் படித்து வருவதில்லை.

ஸ்பானர்14 (5.50)
அண்ணா, வண்டி என்னவென்றே தெரியாமல் மாஸ்டர் சிலிண்டருக்குக் காரியம் பண்ணிவிட்டீர்கள்.

ஊர்க்குருவி, ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முறை மிதித்து, விட்டு, உடனே இன்னொரு முறை மிதியுங்கள். இரண்டாம் முறை பெடல் மேலேயே நிற்கிறதா? கல் மாதிரியா, பஞ்சு மாதிரியா? மிதித்தபடியே பிடித்திருந்தால் மெல்ல இறங்குகிறதா?

ஊர்க்குருவி (6.35)
மன்னிக்கோணும், பதற்றத்தில் எழுதிவிட்டேன். 1999 ஃபோர்ட் ரேஞ்சர். இருப்பது டொரொண்டோ பக்கம், ஸ்கார்பரோ. லைன் எதையும் திறக்கவில்லை, வீல் சிலிண்டர் பழையதுதான், ஒழுக்கு இல்லை. முதல் மிதி தரைக்குப் போகிறது, இரண்டாவது மிதி மேலே வந்து கல்லு மாதிரி நிற்கிறது. பிடித்திருந்தால் இறங்கவில்லை.

ஷூவை மூடியிருக்கும் டிரம் கழற்றத்தான் உயிர் போய்விட்டது. பனிக்காலத்தில் ரோட்டில் போடும் உப்பில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு விட்டது. ஒன்றரை மணி நேரம் சுத்தியல்.

ஸ்பானர்14 (6.44)
அப்படியானால் காற்றும் இல்லை, மாஸ்டரும் இல்லை. லைனைத் திறக்காமல் காற்று எந்த வழியாக வரும்? காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். மாஸ்டர் கசிந்தால் பிடித்திருக்கும்போதே இறங்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடுதல். முதல் மிதி அந்த இடைவெளியை மூடுவதற்கே செலவாகிறது. டிரம் உள்ளே போக வேண்டும் என்று, இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டரை முழுக்கச் சுருக்கி வைத்திருப்பீர்கள்.

டிரம்முக்குப் பின்னால் பேக்கிங் பிளேட் என்ற தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியாக அட்ஜஸ்டரில் உள்ள பல் சக்கரமான ஸ்டார் வீலைத் திருப்பிக்கொண்டே சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

கொங்கு டிரைவர் (7.02)
எனக்கு ஒரு சந்தேகம். புது ஷூ எதற்கு? எங்கள் பக்கம் பழைய ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரை மணி நேரத்தில் டிரம்மில் உரசுகிற லைனிங்கைப் புதிதாக வைத்து ரிவெட் அடித்துத் தருவார்கள். இரும்பு அதே இரும்புதானே? டிரம்மையும் லேத்தில் ஒரு கடைசல் விட்டால் வேலை முடிந்தது.

ஆயில்கறை (7.10)
கனடாவில் ரிவெட் அடிக்க யாரைத் தேடுவது? கூலியிலேயே நான்கு ஷூ வாங்கிவிடலாம். அதோடு இப்போது ஒட்டின லைனிங்தானே நல்லது. ரிவெட் தலை வெளியே வந்து டிரம்மைக் கீறாது.

கொங்கு டிரைவர் (7.14)
ஒட்டினது சூட்டில் மொத்தமாகப் பெயர்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். கொல்லிமலை இறக்கத்தில் லோடோடு வந்து பாருங்கள், அப்புறம் பசையைப் பற்றிப் பேசலாம்.

மீன்கொத்தி (7.31)
அதை விடுங்கள். டிரம்முக்குள் இருந்த தூசியை என்ன செய்தீர்கள்? ஊதியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கனடாவில் தடை 2018 டிசம்பரில்தான் வந்தது, உங்கள் வண்டி 1999. கம்ப்ரஸர் காற்றால் ஒருபோதும் ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.

கொங்கு டிரைவர் (7.36)
முப்பது வருஷம் வாயால் ஊதியிருக்கிறோம். நன்றாகத்தான் இருக்கிறோம்.

மீன்கொத்தி (7.38)
இருக்கிறவர்கள்தானே வந்து சொல்ல முடியும்.

பட்டறைவாசி (8.05)
குழாயடிச் சண்டை முடிந்ததா? துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குடைவது எல்லாம் தேவையே இல்லாத வேலை. இந்த வகை டிரம்மில் அட்ஜஸ்டர் தானாகவே வேலை செய்யும். ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடிக்கும்போது ஷூ இரண்டும் டிரம்மோடு சேர்ந்து கொஞ்சம் திரும்பும், கேபிள் இழுபடும், லீவர் ஸ்டார் வீலை ஒரு பல் தள்ளும். காலி இடத்தில் முப்பது முறை ரிவர்ஸ் எடுத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அடிப்படை தெரியாதவர்கள் ஆலோசனை சொல்லாமல் இருந்தாலே புண்ணியம்.

ஊர்க்குருவி (ஞாயிறு, காலை 11.20)
ராத்திரி ஸ்பானர் அண்ணை சொன்ன மாதிரித் துளையால் இறுக்கினேன். பெடல் அருமையாக வந்தது, முதல் மிதியிலேயே நின்றது. சரி, அதையும் செய்து வைப்போம் என்று இன்றைக்குக் காலையில் பின் ஒழுங்கையில் முப்பது தரம் ரிவர்ஸ் எடுத்துப் பிடித்தேன். இப்ப பழையபடி தரைக்குப் போகிறது. முந்தியதை விட மோசம். எனக்கு விசர் பிடிக்கிறது.

பட்டறைவாசி (11.34)
நான் முதலிலேயே சொன்னேன், மாஸ்டர் சிலிண்டர்.

மீன்கொத்தி (11.52)
இறுக்கியது ரிவர்ஸ் எடுத்த பிறகு தளர்ந்திருக்கிறதா? அப்படியென்றால் அட்ஜஸ்டர் தானாக வேலை செய்கிறது, ஆனால் தலைகீழாகச் செய்கிறது. ஒரே ஒரு கேள்வி: இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரித்தீர்களா?

ஊர்க்குருவி (11.58)
ஓம். எல்லாவற்றையும் ஒரே வாளிக்குள் போட்டு மண்ணெண்ணெயில் கழுவினேன். ஏன்?

மீன்கொத்தி (பகல் 12.15)
அவ்வளவுதான். இடது அட்ஜஸ்டரும் வலது அட்ஜஸ்டரும் ஒன்றல்ல. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், ஆனால் ஒன்றில் இடது மரை, மற்றதில் வலது மரை. லீவர் ஸ்டார் வீலைத் தள்ளும்போது சரியான அட்ஜஸ்டர் நீளும். மாற்றிப் போட்டது சுருங்கும். இடைவெளி கூடக் கூட லீவர் இன்னும் அதிகமாக ஆடும், அது இன்னும் சுருக்கும். நீங்கள் முப்பது முறை பிடித்து முப்பது முறை தளர்த்தியிருக்கிறீர்கள்.

முனையில் எல், ஆர் என்று எழுத்து குத்தியிருக்கும். துருவில் தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள்: டிரம்மை எடுத்துவிட்டு, லீவர் தள்ளும் திசையில் ஸ்டார் வீலை விரலால் திருப்புங்கள். நீளம் கூடினால் சரி, குறைந்தால் பக்கம் மாறியிருக்கிறது. டிரம் இல்லாமல் இருக்கும்போது வீட்டில் யாரையும் பெடலை மிதிக்க விடாதீர்கள், வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

இனி ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றதைப் பிரியுங்கள். பிரிக்காத பக்கம்தான் உங்களுக்குப் படம்.

ஸ்பானர்14 (12.22)
ஆமாம். வாளி என்றதும் எனக்கும் அதேதான் தோன்றியது. கூடவே இதையும் பாருங்கள்: ஒவ்வொரு பக்கத்திலும் லைனிங் நீளம் குறைந்த ஷூ முன்பக்கம், கூடுதலானது பின்பக்கம். ஒரே வாளி என்பதால் கேட்கிறேன். மண்ணெண்ணெய் ரப்பரில் பட்டதா?

பட்டறைவாசி (12.40)
இதைத்தான் நான் வேறு விதத்தில் சொன்னேன். அட்ஜஸ்டர் தானாக வேலை செய்யும் என்று சொன்னது யார்?

கொங்கு டிரைவர் (12.47)
😀

ஆயில்கறை (1.05)
என்னமோ போங்கள், ஒரு தடவை பிளீட் பண்ணிவிட்டால் மனசுக்கு நிம்மதி. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், அந்த வண்டியில் எத்தனை வருஷத்து ஆயில் இருக்கிறதோ.

ஸ்பானர்14 (திங்கள், காலை 8.15)
ஊர்க்குருவி, என்ன ஆயிற்று? அந்த நிலைமையில் ரோட்டில் எடுக்கவில்லைதானே?

கொங்கு டிரைவர் (திங்கள், மாலை 6.30)
ஆள் வருகிற வரைக்கும் கேட்கிறேன், ஒட்டின லைனிங் நல்லது என்றவர் எத்தனை டன் ஏற்றி ஓட்டியிருக்கிறார்?

ஆயில்கறை (6.41)
மறுபடியுமா? ரேஞ்சரில் கரும்பா ஏற்றப் போகிறார்?

ஊர்க்குருவி (புதன், இரவு 9.50)
மாறித்தான் கிடந்தது. மாற்றிப் போட்டு, துளையால் இறுக்கி, ரிவர்ஸ் எடுத்தும் பார்த்தேன். பெடல் மேலேயே நிற்கிறது. திங்கள் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். மீன்கொத்திக்கும் ஸ்பானர் அண்ணைக்கும் நன்றி.

ஸ்பானர்14 (10.04)
மகிழ்ச்சி. ஒன்றரை மணி நேரம் சுத்தியலால் அடித்தேன் என்றீர்களே, டிரம்மில் விரிசல் இல்லையே? உள் விட்டம் அளந்தீர்களா? அதிகபட்சம் எவ்வளவு என்று டிரம்மிலேயே பதித்திருக்கும். அந்த மண்ணெண்ணெய்க் கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை.