நினைத்ததை ஆங்கிலத்தில் எழுதப்போய்: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

தஞ்சாவூர் மொழிபெயர்ப்பாளர்:

வக்கீல் அலுவலகங்களுக்கு வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறேன். சர்வே நம்பர், பட்டா, குத்தகைச் சீட்டு எல்லாம் பழகிவிடும். ஒருவர் மனதில் இருந்ததை எழுதும்போதுதான் கை நிற்கும்.

2024-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அந்த வருடத்துக் குத்தகைத் தகராறு ஒன்று வந்தது. பாபநாசம் பக்கத்துப் பெரியவர் சொன்னது இது: "பன்னண்டாந் தேதி தொறந்துடுவாங்கன்னு நெனச்சுதான் தம்பி நாத்து வுட்டேன்." ஜூனியர் 'ஐ தாட் தே வில் ஓப்பன் த டேம்' என்று தட்டினார். தமிழ்க் காதுக்கு அதில் குறையே தெரியாது. நாம் நினைப்பை நினைத்தபடியே எடுத்து, பின்னால் ஒரு 'என்று' போட்டுவிடுகிறோம். நினைத்தது போன வருடமாக இருந்தாலும் 'திறப்பார்கள்' அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் 'தாட்' என்று ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருப்பதும் பின்னால் நகர வேண்டும். 'வில்' 'வுட்' ஆகும், 'கேன்' 'குட்' ஆகும், 'மே' 'மைட்' ஆகும்.

திருத்திப் படித்துக் காட்டினேன். பெரியவரின் மகன் கல்லூரியில் படித்தவர், உடனே தடுத்தார். "வுட்னு போட்டா அப்பா சந்தேகத்தோடயே நாத்து விட்ட மாதிரி ஆயிடாதா சார்?" நியாயமான பயம்தான். 'இஃப்' போட்டு எழுதும் வாக்கியத்தில் வரும் 'வுட்' நடக்காததைச் சொல்லும், பள்ளிக்கூடத்தில் அதைத்தான் மனதில் பதிய வைக்கிறார்கள். இங்கே வருவது வேறு. அன்றைக்கு அந்த மனிதர் நின்ற இடத்திலிருந்து தெரிந்த வருங்காலம் இது. எவ்வளவு உறுதியாக நம்பியிருந்தாலும் 'வுட்'தான். தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்று அது சொல்லவே சொல்லாது, அதைத் தனி வாக்கியமாகத்தான் எழுத வேண்டும். எழுதினோம். அன்று அவர் எதிர்பார்த்தது நியாயமா என்பதுதானே வழக்கே, அதனால் இரண்டும் தனித்தனியாக நின்றது நல்லதாகப் போயிற்று.

உங்களுக்கும் இப்படி ஏதாவது வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

மன்னார்குடி டீச்சர்:

ஒருவர் சொன்னதை, நினைத்ததை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் பாடத்துக்கு எங்கள் பிள்ளைகளின் நோட்ஸில் ஒரு அட்டவணை உண்டு. 'மஸ்ட்' வந்தால் 'ஹேட் டு' என்று மாற்று, அவ்வளவுதான். 'ஹீ மஸ்ட் பி டயர்ட்' என்று ஒருத்தி நினைத்தாள், அதை எடுத்துச் சொல் என்று கேட்டிருந்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் 'ஹீ ஹேட் டு பி டயர்ட்'. அவன் களைத்துப்போக வேண்டும் என்று யாரோ உத்தரவு போட்டது மாதிரி! கட்டாயத்தைச் சொல்லும் 'மஸ்ட்'தான் 'ஹேட் டு' ஆகலாம். ஊகத்தைச் சொல்லும் 'மஸ்ட்' இருந்த இடத்திலேயே இருக்கும். 'ஷுட்', 'மைட்' இரண்டும் அப்படித்தான், ஏற்கனவே பின்னால் நிற்பவை, இன்னும் எங்கே தள்ளுவது?

சொன்ன விஷயம் இன்னும் வரப்போகிறது என்றால் 'வில்' என்றே விடலாம். 'ஹீ செட் ஹீ வில் கம் டுமாரோ' தப்பே இல்லை. பரீட்சையில் மட்டும் மார்க் போய்விடும், அதனால் பிள்ளைகளிடம் இதை மெதுவாகத்தான் சொல்கிறேன்.

திருவாரூர் ரைஸ்மில் கணக்கர்:

எங்களுக்குப் பணத்தோடு வந்த அனுபவம். கொச்சிக்கு அரிசி லோடு போயிருந்தது. அங்கிருந்து மெயிலில் கேட்டார்கள். முதலாளி, "இந்நேரம் வந்திருக்கணுமே" என்றார், அவர் குரலில் கவலை. பக்கத்து சீட்காரர் 'இட் மஸ்ட் ஹேவ் ரீச்ட்' என்று அனுப்பிவிட்டார். அவர்கள் லோடு வந்து சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, வேறு கோடவுனில் தேட ஆள் அனுப்பினார்கள். லாரியோ பாலக்காடு தாண்டாமல் டயர் வெடித்து நின்றுகொண்டிருந்தது.

'வந்திருக்கணும்' என்று நாம் இரண்டுக்கும் சொல்கிறோம். வந்துவிட்டது என்று ஊகித்தாலும் அதுதான், வர வேண்டியது இன்னும் காணோமே என்றாலும் அதுதான். குரல்தான் பிரித்துக் காட்டும். மெயிலில் குரல் ஏது? முதலாளி நினைத்தது 'ஷுட் ஹேவ் ரீச்ட் பை நவ்'. இப்போதெல்லாம் அந்த இடம் வந்தாலே, "வந்துடுச்சா, வரலையா?" என்று அவரிடம் திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் தட்டுகிறோம். அவருக்கு எரிச்சல் வரும், வரட்டும்.

வேதாரண்யத்திலிருந்து:

மேலே தஞ்சாவூர்க்காரர் சொன்னதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று. 2018-ல் கஜா புயல் வருவதற்கு முன், பாம்பனுக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று அறிவித்தார்கள். நவம்பர் 16 அதிகாலை எங்கள் தலைமேலேயே கடந்தது. வெளியூர் நிருபர் ஒருவருக்கு நண்பர் பேட்டி கொடுத்தார், 'தே செட் இட் வுட் க்ராஸ் ஹியர்'. பக்கத்தில் நின்ற ஒருவர், "வுட்னா கடக்கலைன்னு அர்த்தம்ப்பா" என்று திருத்தினார். பின்னாடியே தென்னை மரம் முறிந்து கிடக்கிறது! சொன்னது 'வுட்', நடந்ததும் அதுவேதான்.

கும்பகோணம் வாசகி:

ஆங்கில நாவல் படிப்பவர்களுக்கு இது இன்னொரு விதமாக வரும். என் கையால் ஒரு உதாரணம் எழுதுகிறேன்: 'ஷி சேட் டவுன் ஆன் த ஸ்டெப்ஸ். ஹீ வுட் கம். ஹீ மஸ்ட்.' இதில் 'அவள் நினைத்தாள்' என்று எங்கேயும் இல்லை. ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே நாம் அவள் மனதுக்குள் போய்விட்டோம், அந்த 'வுட்'டும் 'மஸ்ட்'டும் அவளுடையவை. இதைத் தமிழில் செய்து பார்த்தேன். 'படித்துறையில் உட்கார்ந்தாள். அவன் வருவான். வந்தே ஆக வேண்டும்.' வருகிறது, நன்றாகவே வருகிறது. ஆனால் இங்கே அவள் நினைப்பு நிகழ்காலத்திலேயே நம் காதில் விழுகிறது, ஆங்கிலத்தில் கதை சொல்பவர் கூடவே நிற்கிறார். எனக்குத் தமிழில் வருவதுதான் பிடித்திருக்கிறது, பாரபட்சம் என்றால் இருக்கட்டும்.

தஞ்சாவூர் மொழிபெயர்ப்பாளர்:

நாவலுக்குச் சரி அம்மா. வாக்குமூலத்தில் 'ஹீ மஸ்ட்' என்று மொட்டையாக விட்டால் எதிர்த்தரப்பு வக்கீல், "இது சாட்சி நினைத்ததா, மொழிபெயர்ப்பாளர் நினைத்ததா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார். அதனால் படிக்க அழகாக இல்லாவிட்டாலும் 'ஹீ தாட்' ஒவ்வொரு வரியிலும் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.